தவணை நாளும் பரிசோதனை நாளும்

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளின் பரிசோதனை நாள். கிராம சுகாதார செவிலியராக நான் பணியாற்றிய பட்டுக்கோட்டைப் பகுதிக் கிராமங்கள் சிலவற்றில், மகளிருக்குக் குழுக்கடன் கொடுத்த ஒரு நிறுவனத்தின் சென்டர் கூட்டமும், அதாவது கடன் வாங்கிய பெண்கள் ஓரிடத்தில் கூடித் தவணை கட்டும் வாரக் கூட்டமும், அதே செவ்வாய்க்கிழமை காலையில்தான் நடந்தது. யாரும் திட்டமிட்டு அப்படி அமைக்கவில்லை. ஆனால் அதன் விளைவு எங்கள் பதிவேட்டில் பளிச்சென்று தெரிந்தது. கர்ப்பகால நீரிழிவைக் கண்டறிய 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து இரத்தம் கொடுக்க வேண்டும். சர்க்கரை அளவு 140 மில்லிகிராமையோ அதற்கு மேலோ எட்டினால் அந்தப் பெண்ணைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். குளுக்கோஸைக் குடித்த அரை மணி நேரத்தில் எழுந்து போய்விட்ட பெண்களின் பெயர்களுக்கு நேரே அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. வீடு தேடிப் போய்க் கேட்டபோது, "பத்து மணிக்குள்ள சென்டர்ல போய் உக்காரலைன்னா கூட இருக்கறவங்க பேசுவாங்க நர்சம்மா" என்றாள் ஒருத்தி. அவளுக்கு அப்போது ஆறாவது மாதம். அவளுடைய அம்மாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்ததால், அந்த இரண்டு மணி நேரம் மற்றவர்களைவிட அவளுக்கு இன்னும் முக்கியமானதாக இருந்தது.

கடன் ஒரு பெண்ணின் உடம்பை எப்படித் தொடுகிறது என்று கேட்டால், பலரும் வசூல்காரரின் மிரட்டலையும் தற்கொலைச் செய்திகளையும்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அவை உண்மையிலேயே நடக்கின்றன. ஆனால் நான் அதிகமாகக் கண்டது சத்தமில்லாத ஒன்றை. அவள் என்றைக்கு என்ன சாப்பிடுகிறாள், எந்த நாளில் வேலைக்குப் போகிறாள், எப்போது படுக்கிறாள், ஆஸ்பத்திரிக்கு எந்த மாதத்தில் முதன்முதலாக வருகிறாள் என்பவற்றையெல்லாம் தவணை அட்டையே முடிவு செய்துவிடுகிறது. ஆகவே மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்பதுபோலவே, தவணை என்றைக்கு, எவ்வளவு, எத்தனை இடத்தில் என்று கர்ப்பிணியிடம் கேட்க வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

குழுக்கடனின் நடைமுறையை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். அடமானம் எதுவும் கிடையாது. சேர்ந்து கடன் வாங்கும் பெண்களே ஒருவருக்கொருவர் ஜாமீன். 40,000 ரூபாய் வாங்கியவள் இரண்டு ஆண்டுகளுக்கு வாரம் 500 ரூபாய் அளவில் கட்டிக்கொண்டே வர வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கைக்காசைப் போட்டுச் சரிசெய்யும் வரையில் கூட்டம் கலையாது. அந்த 500 ரூபாய் மட்டுமாக இருந்தால் பெரும்பாலான குடும்பங்கள் சமாளித்துவிடும். ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்டுவதற்கு இன்னொரு நிறுவனத்திடம் வாங்கி, அதையும் கட்ட முடியாமல் தெருவில் இருக்கும் வட்டிக்காரரிடம் போகும்போதுதான் வாரத்தில் மூன்று நாள் தவணை நாளாகிவிடுகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, கீற்று முடைந்து தவணை கட்டிக்கொண்டிருந்த பெண்களின் வருமானம் ஒரே இரவில் நின்றுபோனது. கடன் நிற்கவில்லை. அந்த ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் கருவுற்ற பெண்களிடம் நான் கண்டவற்றைத்தான் இங்கே பெரும்பாலும் எழுதுகிறேன்.

முதலில் உணவு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இரத்தசோகை இருந்தது. கர்ப்பகாலத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் தாயின் உயிருக்கே ஆபத்து. ரேஷன் அரிசி இருப்பதால் எங்கள் பகுதியில் பட்டினி என்பது இல்லை. சோறு இருக்கும். குறைவது சோற்றோடு சேருகிற முட்டையும் மீனும் பருப்பும் கீரையும்தான். தவணைக்கு முந்தைய இரண்டு நாள்களில் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால் இது புரியும்: ரசமும் ஊறுகாயும் இருக்கும், குழம்பு இருக்காது. இருக்கும் கொஞ்சத்தையும் முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டு மிச்சத்தைத் தான் சாப்பிடுவது நம் வீடுகளில் பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று. கடன் வந்தபின் மிச்சம் என்பதே இல்லாமல் போகிறது.

ஒரு வீட்டைக் குறிப்பாகச் சொல்கிறேன். குழுக்கடனில் ஒரு கறவை மாடு வாங்கியிருந்தார்கள். காலையும் மாலையும் பால் கறந்தது. கறந்த பால் முழுவதும் சொசைட்டிக்குப் போனது, ஏனென்றால் அந்தப் பணம்தான் தவணைக்குப் போக வேண்டும். வீட்டிலிருந்த ஏழு மாதக் கர்ப்பிணி காலையில் வரக்காப்பியும், மற்ற நேரங்களில் பாலில்லாத தேநீரும் குடித்துவந்தாள். பசி தெரியாமல் இருக்கும் என்பது அவள் கணக்கு. நாங்கள் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் அந்தத் தேநீரோடுதான் விழுங்கினாள். தேநீரும் காப்பியும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே என்று மருத்துவ அலுவலர் யோசித்துக்கொண்டிருந்ததற்கான விடை அந்தத் திண்ணையில் இருந்தது. மாமியாரிடம், "தினமும் அரை லிட்டரை வீட்டுக்கு நிறுத்துங்கம்மா, மாத்திரையை மதியச் சாப்பாடு முடிந்து தண்ணீரோடு கொடுங்க" என்று சொன்னேன். அரை லிட்டர் பாலின் விலையை மாதத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஒப்புக்கொண்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டது நிலைத்தது. அறிவுரைக்காகத் தலையாட்டியிருந்தால் அடுத்த வாரமே மறந்திருக்கும். இரும்பு மாத்திரையைப் பாலோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்தது வேலை. நடவு வேலையில் குனிந்தே நிற்க வேண்டும். கீற்று முடைய மணிக்கணக்காகக் குத்தவைத்து உட்கார வேண்டும். எட்டாம் மாதத்தில் இவற்றை விட்டுவிடு என்று சொல்வது எளிது. வாரத்தில் 1,500 ரூபாய் தவணைக்குப் போகிற வீட்டில், அந்த வேலையை விட்டால் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இரத்தசோகை கடுமையான பெண்களுக்கு இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றும் வசதி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது, செலவும் இல்லை. ஆனால் அதற்குச் சில முறை வர வேண்டும்; ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். இரண்டாவது முறைக்கு வராதவளை அலட்சியக்காரி என்று எழுதுவதற்கு முன்பு, அந்த நாள் அவளுக்கு என்ன நாளாக இருந்தது என்று விசாரிப்பது நல்லது.

இரத்த அழுத்தத்தைப் பற்றி எச்சரிக்கையோடுதான் எழுத வேண்டும். கடன் கவலையால் மட்டுமே கர்ப்பகால இரத்த அழுத்த நோய் வந்துவிடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சென்டரில் மற்றவர்கள் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்த பெண்ணுக்கு உடனே அளந்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். கால் மணி நேரம் சாய்ந்து உட்காரவைத்து மறுபடியும் அளக்க வேண்டும். அப்போதும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால், "கவலையால்தான் ஏறியிருக்கிறது" என்று யாரும் சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் வீங்குதல் இவற்றில் ஒன்று இருந்தாலும், தவணை நாளா இல்லையா என்று பார்க்காமல் 108க்கு அழைக்க வேண்டும். குழுவில் உள்ள மற்ற பெண்களுக்கும் இந்த அறிகுறிகளைச் சொல்லிவைத்திருந்தேன், ஏனென்றால் வாரம் தவறாமல் அவளைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

இதைவிட என்னை அதிகம் கவலைப்படுத்தியது மறைத்தல். வயிறு தெரிந்துவிட்டால் புதுக்கடன் தரத் தயங்குவார்கள் என்று பெண்களிடையே ஒரு பேச்சு இருந்தது. பிரசவத்துக்குப் போனவள் கூட்டத்துக்கு வரமாட்டாள் என்பது கடன் கொடுப்பவரின் கவலை. விளைவாக, அடுத்த சுற்றுக் கடன் கைக்கு வரும்வரை கருவுற்றிருப்பதை வெளியே சொல்லாமல் சில பெண்கள் இருந்தார்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டிய கர்ப்பப் பதிவு நான்காம், ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளிப்போனது. அதனால் ஃபோலிக் அமில மாத்திரைக்கான காலமே கடந்துபோனது. கடைசி மாதங்களிலும் இதே கதைதான். ஒன்பதாம் மாதம் தாய்வீட்டுக்குப் போக வேண்டியவள், சென்டரில் கையெழுத்துப் போட ஆளில்லை என்று இங்கேயே தங்கிவிடுவாள். வளைகாப்பு முடிந்தும் அம்மா வீட்டுக்குப் போக முடியாமல் வாசலில் நின்று அழுத பெண்ணை நான் தேற்றியிருக்கிறேன்.

இத்தனையும் எழுதியதால் சிறுகடனே கெடுதல் என்று நான் நினைப்பதாக யாரும் கொள்ள வேண்டாம். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களின் உள்கடனால் (உறுப்பினர்களின் சேமிப்பிலிருந்து குழுவே கொடுக்கும் கடன்) பல பிரசவங்கள் நல்லபடியாக நடந்ததை நான் அருகிலிருந்து பார்த்தவள். நடுராத்திரியில் கார் பிடிக்கப் பணம் தந்தது குழுவின் சேமிப்புப் பெட்டிதான். குழுக்கடனில் கழிப்பறை கட்டிய வீட்டில், இருட்டும் வரை சிறுநீரை அடக்கிவைக்கும் வழக்கம் நின்றுபோனது. கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர்த் தொற்று வருவதற்கு அந்த அடக்குதலும் ஒரு காரணம். ஹைதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் குழுக்கடனைப் பற்றி நடத்தி 2015இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வு, சராசரியாகப் பார்த்தால் கடன் வந்ததால் குடும்பங்களின் உடல்நலத்திலோ பெண்களின் நிலையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்று கண்டது. சராசரிக்குள் கழிப்பறை கட்டியவளும் இருப்பாள், பாலில்லாத தேநீர் குடித்தவளும் இருப்பாள். இருவருக்கும் உள்ள வேறுபாடு, எவ்வளவு கடன், எந்த மாதத்தில், யாரிடம், என்ன நிபந்தனையில் என்பதில்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமைச் சிக்கல் தீர்ந்த விதத்தைச் சொல்கிறேன், மற்ற ஊர்களிலும் இதைச் செய்யலாம். சென்டர் தலைவியையும் வசூலுக்கு வரும் ஃபீல்டு ஆபீசரையும் ஒன்றாக உட்காரவைத்து, கர்ப்பிணிகளின் பரிசோதனை அட்டையைக் காட்டி, கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்றும்படி கேட்டேன். அந்த இளைஞருக்கு அன்று எத்தனை சென்டர் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. அவரும் யாரோ ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான். நாளை மாற்ற அவரால் முடியவில்லை. ஆனால் கர்ப்பிணிகளின் தவணையைக் குழுவில் இன்னொருவர் கொண்டுவந்து கட்டலாம், அவர்கள் நேரில் வர வேண்டாம் என்று கிளை மேலாளரிடம் பேசி ஒப்புதல் வாங்கித் தந்தார். ரசீதும் அட்டையில் பதிவும் அன்றே அவள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் வலியுறுத்தினோம். பணத்தைத் தோழியிடம் கொடுத்தனுப்பிவிட்டு அட்டையில் வரவு வைக்காமல் விட்டால், பின்னால் வருகிற சண்டையில் தோழமையும் போய்விடும்.

மகப்பேறு உதவிப் பணத்தைப் பற்றி எல்லாக் கர்ப்பிணிகளும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் மதிப்பு 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வருகிறது. பணம் பகுதி பகுதியாக அவளுடைய வங்கிக் கணக்கில் ஏறும். அதே கணக்கிலிருந்துதான் கடன் தவணையும் தானாகப் பிடிக்கப்படும்படி எழுதிக் கொடுத்திருந்தால், பணம் வந்த செய்தியும் போன செய்தியும் அடுத்தடுத்து கைப்பேசிக்கு வரும். முட்டைக்கும் பழத்துக்கும் வந்த பணம் அவள் கண்ணில் படாமலேயே கடனுக்குப் போய்விடுகிறது. கருவுற்றது தெரிந்ததும், தவணை பிடிக்கப்படாத வேறொரு கணக்கை, தபால் நிலையக் கணக்கானாலும் சரி, குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத வங்கிக் கணக்கானாலும் சரி, தொடங்கி, ஆதாரை அதனோடு இணைத்து, அந்த எண்ணைச் செவிலியரிடம் கொடுத்துப் பதிவு செய்வது நல்லது. பெட்டகத்தில் வரும் ஊட்டச்சத்து மாவையும் பேரீச்சம்பழத்தையும் வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடாமல் அவளுக்கென்றே எடுத்துவைக்கக் கணவரிடமும் மாமியாரிடமும் நான் தனியாகச் சொல்வது வழக்கம்.

பிரசவத்துக்காகவே கடன் வாங்குபவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமானாலும் அறுவைச் சிகிச்சையானாலும் மருந்து, பரிசோதனை, உணவு, இரத்தம், வாகனம் எல்லாம் இலவசம். 2011 முதல் நடுவண் அரசின் திட்டமும் இதை உறுதி செய்கிறது. கடனோடு சேர்த்துப் பிடிக்கப்படும் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் உதவும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அது கடன் வாங்கியவரோ கணவரோ இறந்தால் கடனை அடைப்பதற்கு மட்டுமே. தாளைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். வளைகாப்பைப் பெரிதாகச் செய்ய வாங்கும் கடனின் தவணை, குழந்தை பிறந்து பால் குடிக்கும் மாதங்களில்தான் வந்து விழும். ஊருக்காகச் செய்கிற அந்த ஒரு நாள் செலவை உறவுக்காரர்கள் முதலில் குறைத்துக்கொண்டால், பெண்ணின் பெற்றோரும் தயங்காமல் குறைத்துக்கொள்வார்கள்.

கடன் வாங்கியவர்களுக்குச் சில உரிமைகள் உண்டு. அவற்றைத் தெரிந்துவைத்திருந்தால் பயம் பாதி குறையும். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் சிறுகடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 15,000 ரூபாய் வருமானமென்றால் 7,500 ரூபாய்தான் உச்சம். கர்ப்ப காலத்தில் உங்கள் கூலி நின்றுவிடும் என்பதால், புதுக்கடன் எடுக்கும்போது கணவரின் வருமானத்தை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள் என்பது என் யோசனை. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்காக அழைக்கக் கூடாது. உறவினர்களையோ உடன் வேலை செய்பவர்களையோ தொந்தரவு செய்வதும், தகாத பேச்சும், மிரட்டலும் விதிமீறல்கள். கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது. நிறுவனத்திடம் புகார் செய்தும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணை அழைக்கலாம். வலுக்கட்டாய வசூலைத் தண்டிக்கத் தமிழ்நாடு அரசும் 2025இல் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. தெருவட்டிக்காரர்களுக்கு 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. வட்டிக்காரரின் பெயரைச் சொல்லப் பயப்படும் பெண்கள் 181 மகளிர் உதவி எண்ணில் முதலில் பேசிப்பார்க்கலாம்.

தவணையைத் தள்ளிவைக்கக் கேட்பதும் நடைமுறையில் முடிகிற காரியம்தான், ஆனால் ஆறாம் ஏழாம் மாதத்திலேயே கேட்க வேண்டும். வலி வந்தபின் கேட்டால் எவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தள்ளிவைத்தல் என்பது தள்ளுபடி இல்லை. 2020இல் கொரோனா காலத்தில் மார்ச் முதல் ஆகஸ்டு வரை தவணைக்கு அவகாசம் கிடைத்தபோதும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது, அதை அறியாமல் பின்னால் திகைத்தவர்கள் ஏராளம். எத்தனை தவணை தள்ளிப்போகிறது, மொத்தத்தில் எவ்வளவு கூடுகிறது என்பதை அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய முதல் ஆறு மாதங்களும், வேலைக்குத் திரும்பும் நெருக்கடியால் அதிகம் கெடுகின்றன. முப்பது நாள் குழந்தையை மாமியாரிடம் விட்டு வயலுக்குப் போனவளின் மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்து, குழந்தைக்குப் புட்டிப்பால் பழகிப்போனதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு சுய உதவிக் குழுவினர் இதற்கு வழி கண்டார்கள். ஒவ்வோர் உறுப்பினரும் வாரம் 10 ரூபாய் கூடுதலாகச் சேமித்து, அதைத் தனிக் கணக்காக எழுதிவந்தார்கள். குழுவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், முதல் மூன்று மாதத் தவணை அந்தக் கணக்கிலிருந்து போகும்; அவள் அதை வட்டியில்லாமல், குழந்தைக்கு ஒரு வயது முடிவதற்குள் சிறிது சிறிதாகத் திருப்பிக் கட்டலாம். இது தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தோடு எழுதப்பட்டிருந்ததால் யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. புதிதாகக் குழு தொடங்குபவர்கள் இந்தத் தீர்மானத்தை முதல் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ளலாம். பாதியில் எழுதினால், அப்போது கர்ப்பமாக இருப்பவளுக்காகத்தான் எழுதுகிறோம் என்று பேச்சு வரும்.